முழுசா சொல்லுங்க, சார்

டெலிபோன் ஆபரேட்டரான எங்கள் போர்டு அக்கா வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் செய்த ஒரு தவறை அந்த வெளிநாட்டுத் தூதரகத்தில் ஆறு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

தூதர் ஊரில் இல்லாத வாரம் அது. வேறொரு தூதரகத்திலிருந்து யாரோ ஃபோன் செய்து, சார்ஜே இருக்கிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். அக்காவின் காதில் அது சார்ஜர் என்று விழுந்தது. எந்த ஃபோனுக்கு வேண்டும் என்று பணிவாகவே விசாரித்திருக்கிறார். தூதர் இல்லாதபோது அவர் இடத்தில் பொறுப்பாக இருப்பவருக்கு சார்ஜே என்று பெயர் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் ஒரு விருந்தில் இந்தக் கதை வாய்க்கு வாய் பரவியது. மறுநாள் காலை எங்கள் அதிகாரிகள் ஒவ்வொருவராக டெலிபோன் அறைக் கதவைத் திறந்து, சார்ஜர் ஒயரை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். இல்லாவிட்டால் அசடு வழிந்துகொண்டு கூடச் சேர்ந்து சிரித்திருப்பார்கள். அக்கா நான்காவதாக வந்தவரை நிறுத்தி வைத்தார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், அதை முழுதாக எப்படிச் சொல்வது, எந்தப் பாஷை, எப்படி எழுதுவது என்று வரிசையாகக் கேட்டார். மனிதர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடினார். அதில் இரண்டு எழுத்து தப்பு என்பதை அக்கா மாலையில் அகராதியைப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

"எனக்கு ஒரு வார்த்தை தெரியல. அவருக்கும் அதே வார்த்தைதான் தெரியல. இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார் என்னிடம்.

நான் அங்கே மொழிபெயர்ப்பாளன். காலையில் உள்ளூர்ப் பத்திரிகைகளைப் படித்து, எங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வது என் வேலை. என் அறைக்கும் டெலிபோன் அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் மேஜை அதிரும். ஆகவே அக்காவைப் பற்றி நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி காதால் கேட்டது.

அவர் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கூரை ஒரு பக்கமாகச் சரிந்து வரும். உயரமானவர்கள் குனிந்துதான் நிற்க வேண்டும். இருந்த ஒரே ஜன்னலும் ஜெனரேட்டரைப் பார்த்தபடி இருந்தது. மேஜையில் பித்தான்கள் நிறைந்த போர்டு, சுவரில் சாவிகள் தொங்கும் ஓர் இரும்பு அலமாரி. சார்ஜர் சம்பவத்துக்குப் பிறகு அக்கா அந்த அலமாரிக் கதவின் உட்புறம் வெள்ளைத்தாள் ஒட்டி, பென்சிலால் எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு சுருக்கமும், பக்கத்தில் அதன் முழு வடிவமும், அதற்குப் பக்கத்தில் நம் பாஷையில் ஒரு வரியும்.

தூதரகத்தில் வேலை பார்க்காதவர்களுக்கு இது புரியாது. அங்கே யாரும் வார்த்தைகளில் பேசுவதில்லை, எழுத்துகளில் பேசுவார்கள். எங்கள் டிரைவர் அண்ணன் ஒருமுறை விமான நிலையத்தில் 'மிஸ்டர் டி.டி.ஒய்.' என்று பெரிதாக எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார். டி.டி.ஒய். என்றால் தற்காலிக வேலையாக வந்து போகிறவர் என்று அர்த்தம். யாரோ ஒருவர் வருகிறார் என்று சொல்லியிருந்தார்களே தவிர, அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. வந்தவர் அட்டையைப் படித்துவிட்டு, இது நானில்லை என்று டாக்சி பிடித்துப் போய்விட்டார். திட்டு மட்டும் டிரைவருக்கு.

எங்களுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். உள்ளூரில் எடுத்த ஊழியர்கள் என்பதைச் சுருக்கி எல்.இ. என்பார்கள். டிரைவர் அண்ணன் அதை ஒரே மூச்சில் படித்து, "நாம எல்லாம் எலியாம்" என்று அறிவித்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் நாங்கள் எலிகள்தான். எங்கள் ஓய்வுக் கொட்டகைக்கு வளை என்று பெயர் வந்தது.

அக்கா இதற்குச் சிரித்தார். ஆனால் வேறொரு வார்த்தைக்கு அவர் சிரிக்கவில்லை. எங்கள் ஊரை அவர்களுடைய காகிதங்களில் ஹார்ட்ஷிப் போஸ்ட் என்று வகைப்படுத்தியிருந்தார்கள். கஷ்டப் பிரதேசம். இங்கே காலம் தள்ளுவதற்காக அவர்களுக்குத் தனியாக ஒரு படி உண்டு. அதன் அர்த்தம் தெரிந்த அன்று அக்கா மத்தியானம் சாப்பிடவில்லை.

"நான் பொறந்த ஊரு, கல்யாணம் பண்ணிக்கிட்ட ஊரு. இங்க நாலு வேலைக்காரங்களோட இருக்கறது அவங்களுக்குக் கஷ்டமாம். நான் ரெண்டு பஸ் மாறி வர்றேன். எனக்கு இது வெறும் ஊரு."

அந்த ஆத்திரத்தில்தான் ஒரு விஷயம் பிடிபட்டது என்று பிற்பாடு சொன்னார். சில சுருக்கங்கள் நேரத்தை மிச்சம் பிடிக்க வந்தவை. அவற்றால் தொந்தரவில்லை. வேறு சில, முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிற ஒன்றைச் சொல்லாமல் சொல்வதற்காக வந்தவை. ஒரு நாட்டில் வேண்டாதவர் என்று வெளியேற்றப்பட்டவரை பி.என்.ஜி. ஆகிவிட்டார் என்பார்கள், ஏதோ பட்டம் வாங்கியதுபோல. அதிகாரிகளின் மனைவிமார்களுக்கு டிரெயிலிங் ஸ்பௌஸ் என்று பெயர். பின்னாலேயே இழுபட்டு வரும் துணை.

பத்தாவது வருடம் அப்படி இழுபட்டு வந்தவர்களில் ஒரு பெண், மூன்றாம் செயலரின் மனைவி, தன் நாட்டில் குழந்தைகள் மருத்துவராக இருந்தவர். இங்கே அவருக்கு வேலை செய்ய அனுமதியில்லை. அதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, அவருக்கு வரும் அழைப்புகளை எல்லாம் அக்கா "டாக்டர், உங்களுக்கு ஃபோன்" என்று சொல்லித்தான் இணைப்பார். அந்த அம்மாள் நன்றி சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தச் சுருக்கத்துக்கு அர்த்தம் கேட்டாலும் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிக்கொடுத்தார். அலமாரிக் கதவு நிரம்பி இரண்டாவது தாள் ஒட்ட வேண்டியதாயிற்று.

இப்படியே பதினோரு வருடம் போனது.

அந்த வருடத் தேர்தல் முடிவை ஒரு தரப்பு ஏற்றுக்கொள்ளவில்லை. முதலில் ஊர்வலம், பிறகு கல்வீச்சு, பிறகு பஸ் எரிப்பு. கடைகள் பத்து மணிக்குத் திறந்து பன்னிரண்டுக்கு மூடின. எங்களில் சிலர் குடியிருந்த தெருக்களில் சண்டை வாசலுக்கே வந்திருந்தது. அக்காவின் தெரு அதில் ஒன்று. அவர் வீட்டில் நான்கு பேர். கணவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். மாமியார். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள். பஸ் ஓடாத நாட்களில் அக்கா ஒன்றரை மணி நேரம் நடந்தே வேலைக்கு வந்தார். செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வளையில் ஒரே குதூகலம். மாடியில் அதிகாரிகள் ஓ.டி., ஓ.டி. என்று பேசிக்கொண்டிருந்ததைத் துப்புரவு வேலை செய்யும் அத்தை கேட்டுவிட்டு வந்து சொல்லியிருந்தார். ஓ.டி. என்றால் ஓவர்டைம். கலவர நேரத்தில் வேலைக்கு வருகிறோம் அல்லவா, கடைசியில் அவர்களுக்கும் மனசாட்சி வந்துவிட்டது என்று முடிவு கட்டினோம். டிரைவர் அண்ணன் ஒழுகும் கூரைக்குத் தகரம் மாற்றுவதுவரை திட்டம் போட்டுவிட்டார்.

பத்தரை மணிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு பக்கம். கீழே எங்கள் முப்பத்தொரு பேரின் பெயர்களும் கையெழுத்துப் போட இடமும். முதலில் கையெழுத்துப் போட்டது நான்தான். ஆங்கிலம் தெரிந்தவன், மொழிபெயர்ப்பாளன், நான் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்றவர்கள் வரிசையாகப் போட்டார்கள். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு உறுத்துகிறது.

இருபத்திரண்டு கையெழுத்தோடு காகிதம் டெலிபோன் அறைக்குப் போனது. கால் மணி நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. பிறகு அக்கா என் அறை வாசலில் நின்றார்.

"தம்பி, இதைப் படிச்சியா?"

படித்தேன் என்றேன்.

"படிச்சியா, பார்த்தியா?"

காகிதத்தை வாங்க நான் கையை நீட்டினேன்.

"மாடியில சொன்ன ஓ.டி.யில வர்றது கப்புல குடிக்கிற டீ இல்ல. டாக்டர்ல முதல்ல வர்ற டி. ஆர்டர்டு டிபார்ச்சர். அவங்களை இங்கிருந்து கிளம்பச் சொல்லி அவங்க நாட்டுல இருந்து உத்தரவு வந்திருக்கு. உட்காரு, நம்ம பாஷையில எழுது. ஒரு எழுத்தைக்கூடச் சுருக்காதே."

அவர் ஒவ்வொரு சுருக்கத்தையும் பிரித்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அந்த ஒரு பக்கத்தில் பதினேழு சுருக்கங்கள். அவற்றை எல்லாம் விரித்துப் போட்டபோது மிஞ்சியது இவ்வளவுதான்:

'நாங்களும் எங்கள் குடும்பத்தாரும் வியாழக்கிழமை காலை விமானத்தில் இந்த ஊரைவிட்டுப் போகிறோம். நீங்கள் இங்கேயே இருந்து எங்கள் கட்டடத்தையும் வண்டிகளையும் வீடுகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வரும் வழியிலோ வேலை செய்யும்போதோ உங்களுக்கு என்ன நேர்ந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை. மூன்று நாள் வராமல் இருந்தால் உங்களை வேலையைவிட்டு நீக்குவோம். இதற்கெல்லாம் சம்மதித்து நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள்.'

எழுதி முடித்த பிறகு பேனாவைக் கீழே வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காலையில் நான் படித்த அதே காகிதம்தான். அதே அர்த்தம்தான் அப்போதும் அதில் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா வளைக்கு வந்தார். இருக்கையைவிட்டு அவர் அப்படி வந்ததே அபூர்வம். நடுவில் நின்று, ஏற்ற இறக்கம் இல்லாமல், ரேஷன் கடையில் பெயர் படிப்பதுபோல அதைப் படித்தார். சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்தவர்கள் திறந்தபடியே இருந்தார்கள். வாசல் காவலர் மட்டும், நாலாவது வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தார். டிரைவர் அண்ணன் எழுந்து வந்து சுற்றறிக்கையை வாங்கித் தன் கையெழுத்தின் மேல் பேனாவால் கிறுக்கினார். காகிதம் கிழிந்து மேஜையில் கோடு விழும்வரை கிறுக்கினார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் போட்ட நான் கடைசியாக அடித்தேன். 

இரண்டு மணிக்கு நிர்வாக அதிகாரி இறங்கி வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குழந்தைகளின் பிறந்தநாளுக்கு எங்களுக்கும் கேக் அனுப்புகிறவர். அந்தச் சுற்றறிக்கையைக்கூட அவர் எழுதவில்லை, தலைமையகத்திலிருந்து வந்த மாதிரியில் ஊர்ப் பெயரை மட்டும் நிரப்பியிருந்தார். அனுமதியில்லாமல் அலுவலகக் காகிதத்தை மொழிபெயர்த்தது தவறு என்றார். அது சரியான மொழிபெயர்ப்பும் அல்ல என்றார்.

எந்த வரி தப்பு என்று அக்கா கேட்டார். அதிகாரிக்கு எங்கள் பாஷை தெரியாது. ஆகவே நான் எழுதியதை நானே திரும்ப ஆங்கிலத்தில், சுருக்கம் இல்லாமல், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. என் வாழ்க்கையில் செய்த மொழிபெயர்ப்புகளிலேயே கடினமானது அதுதான். நாங்கள் போகிறோம், நீங்கள் இருங்கள். உங்களுக்கு என்ன ஆனாலும் எங்களுக்குப் பொறுப்பில்லை. சொல்லச் சொல்ல அவர் காது இரண்டும் சிவந்தன.

"இப்ப சொல்லுங்க சார். எது தப்போ அதை அடிச்சிடறேன்," என்றார் அக்கா. பென்சிலும் கையில் தயாராக இருந்தது.

அவர் ஒரு வரியையும் காட்டவில்லை. இது எல்லா நாடுகளிலும் உபயோகிக்கிற வழக்கமான நடைதான், யாரையும் புண்படுத்த அல்ல என்று பூசி மெழுகினார்.

"சரி சார். அந்த நடை எங்களுக்குப் புரியல. புரியாமலே பதினோரு வருஷம் தலையாட்டிட்டோம். இனிமே எங்ககிட்ட எது கேட்டாலும் முழுசா சொல்லுங்க. முழுசா சொன்னா எல்லா வேலையும் செய்வோம். சுருக்கிச் சொன்னா எங்களுக்குக் காது கேக்காது."

அவ்வளவுதான். கொடியும் கோஷமும் இல்லாத ஒரு போராட்டம் அன்று மத்தியானம் இரண்டே காலுக்குத் தொடங்கியது.

முதல் அழைப்பு அவர்களுடைய தலைமையகத்திலிருந்து. டி.சி.எம். வேண்டும் என்றார்கள். முழுசா சொல்லுங்க, சார் என்றார் அக்கா, ஆங்கிலத்தில், தேன் ஒழுகும் குரலில். எதிர்முனையில் இருந்தவருக்குத் தூதரகத்தின் துணைத் தலைவர் என்று சொல்லத் தெரிந்திருந்தது, பிழைத்தார். அடுத்தவர் கேட்ட நான்கெழுத்துப் பிரிவின் முழுப் பெயர் அவருக்கே தெரியவில்லை. அதே பிரிவில் ஆறு வருடமாக இருக்கிறாராம். விசாரித்துவிட்டு மறுபடி கூப்பிடுங்கள், காத்திருக்கிறேன் என்றார் அக்கா.

கொட்டகைக்கு வந்து பி.ஓ.வி.யைக் கொண்டுவா என்று சொன்ன செயலரை டிரைவர் அண்ணன் கனிவோடு பார்த்துக்கொண்டு நின்றார். சொந்தக் கார் என்ற வார்த்தை அந்த மனிதர் வாயில் வர மூன்று நிமிடம் ஆயிற்று. வந்ததும் டிரைவர் ஓடிப் போய்க் காரைத் துடைத்தே கொண்டுவந்தார். ஸ்டோர் அறையில் ஒரு படிவத்தை அதன் எண்ணைச் சொல்லிக் கேட்டவரிடம், அது எதற்கான படிவம் என்று ஸ்டோர்காரர் கேட்டார். கேட்டவர் யோசித்தார், மாடிக்குப் போனார், வேறொருவரை அழைத்து வந்தார், இருவரும் சேர்ந்து யோசித்தார்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு தூதரகத்தையே மூட்டை கட்ட வேண்டிய நேரம். ஒருவரும் வேலையை நிறுத்தவில்லை. ஆனால் ஒரு வேலையும் நகரவில்லை. அவர்கள் தங்களுக்குள்கூட வாக்கியம் வாக்கியமாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

மாடிப்படியில் என்னைப் பார்த்த மூன்றாம் செயலரின் மனைவி, கையில் ஒரு பெட்டியுடன், கீழே என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். பெட்டியை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு அக்காவின் கணவர் கூப்பிட்டார். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு அக்காவின் பேச்சு மட்டும் கேட்டது. கையெழுத்துப் போடவில்லை என்றார். வேலை போனாலும் போகலாம் என்றார்.  பிறகு, பால் கிடைக்குமா தெரியாது, கிடைத்தால் வாங்கி வருகிறேன் என்று வைத்துவிட்டார்.

"என்னக்கா சொன்னாரு?" என்று தடுப்பைத் தட்டிக் கேட்டேன்.

"சரின்னாரு. பால் வேணுமாம்."

புதன்கிழமை மத்தியானம் துணைத் தலைவரே மாடிப்படிக்குக் கீழே வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். சரிந்த கூரையில் தலையை இடித்துக்கொண்டு, உட்கார வேறு இடம் இல்லாமல் கவிழ்த்து வைத்த ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் முகவாய்க்கு வந்தன. என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்கள், ஆனால் நான் தேவைப்படவில்லை. இருவரும் எளிமையான ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டார்கள்.

என்ன வேண்டும் என்று கேட்டார். வர முடியாதவர்களின் வேலை போகக் கூடாது என்றார் அக்கா. மனமிருந்து வருகிறவர்களுக்கு வழியில் ஏதாவது ஆனால் அது தூதரகத்தின் பொறுப்பு. இதை எங்கள் பாஷையிலும் எழுத வேண்டும், கீழே முதல் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும்.

அவ்வளவு அதிகாரம் தனக்கு இல்லை, தலைமையகத்தைக் கேட்க வேண்டும் என்று கையை விரித்தார்.

"லைன் போட்டுத் தர்றேன் சார். இங்கிருந்தே பேசுங்க."

அவர் பேசி முடிக்கும்வரை அக்கா வெளியே வந்து ஜெனரேட்டர் பக்கம் நின்றார். ஒட்டுக் கேட்கவில்லை. ஆனால் நான் கேட்டேன், பிளைவுட் தடுப்பை நான் என்ன செய்ய முடியும். முதலில் அவர் வழக்கமான எழுத்துகளில்தான் ஆரம்பித்தார். நடுவில் நிறுத்தினார். பிறகு, நாம் அவர்களை விட்டுவிட்டுப் போகிறோம் என்று முழு வாக்கியமாகச் சொன்னார். எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, அதே வாக்கியத்தை இன்னும் உரக்க இரண்டாம் தடவை சொன்னார்.

மாலை ஐந்து மணிக்குப் புதுக் காகிதம் வந்தது. அக்கா கேட்டதெல்லாம் இருந்தது. கேட்காத ஒன்றும் இருந்தது. ஆபத்தான தெருக்களில் இருக்கும் ஊழியர்கள், பூட்டிக் கிடக்கப் போகும் அதிகாரிகளின் வீடுகளில் குடும்பத்தோடு வந்து தங்கிக்கொள்ளலாம் என்று துணைத் தலைவர் தானாகவே சேர்த்திருந்தார். அக்கா அதை இரண்டு தடவை படித்தார், மூன்றாம் தடவை என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து வாரம் ஏழு குடும்பங்கள் அந்த வீடுகளில் இருந்தன. அக்காவின் மாமியாருக்கு நிர்வாக அதிகாரியின் படுக்கையறை கிடைத்தது. மெத்தை புதைகுழி மாதிரி இருக்கிறது, இதில் படுத்துத்தான் இவர்களுக்குப் புத்தி இப்படிப் போகிறது என்று தரையில் பாய் விரித்துக்கொண்டார். டிரைவர் அண்ணன் தினமும் எல்லாக் கார்களையும் கிளப்பி, வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டினார். அக்காவின் தெருவில் மூன்று வீடுகள் எரிந்தன. அவர் வீடு எரியவில்லை, கதவை மட்டும் உடைத்திருந்தார்கள். 

ஊர் அடங்கியது. அவர்கள் திரும்பி வந்தார்கள். கைகுலுக்கினார்கள், ஆளுக்கொரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அக்காவுக்கும் ஒன்று. துணைத் தலைவரை வேறு நாட்டுக்கு மாற்றினார்கள்.

எட்டு மாதம் கழித்து ஒரு தானியங்கிக் குரலை வாங்கினார்கள். ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று பேசுகிற குரல். அக்காவுக்குக் கடிதம் வந்தது. ஆர்.ஐ.எஃப். என்று மூன்றெழுத்து, ஒரு தேதி, ஒரு கையெழுத்து. ஆட்குறைப்பு என்பது அக்காவுக்குத் தெரியும், அது அலமாரியின் முதல் தாளிலேயே இருந்தது. ஆனாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்பினார். புரியவில்லை, நேரில் வந்து வாயால் சொல்லவும் என்று மேலே எழுதி.

புதிதாக வந்திருந்த நிர்வாக அதிகாரி, சின்ன வயசு, வந்து கதவோரம் நின்றார். உங்கள் வேலை இனி எங்களுக்குத் தேவையில்லை என்று சொன்னார். அதைச் சொல்ல அவர் பட்ட பாடு தடுப்புக்கு இந்தப் பக்கமே தெரிந்தது.

"என் வேலையில ஏதாவது குறை இருந்துச்சா சார்?"

இல்லை என்றார்.

"அதையும் எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தார்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் முப்பது பேருக்காக அவர் நின்றார். அவர் ஒருவருக்காக நாங்கள் முப்பது பேரும் அரை நாள்கூட எதையும் நிறுத்தவில்லை. வளையில் கூடிப் பேசினோம். மனு எழுதலாம் என்றோம். யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்பதிலேயே இரண்டு வாரம் போய்விட்டது. டிரைவர் அண்ணன் மட்டும் கடைசி நாள் அவரைத் தூதரின் காரில் வீட்டில் விட்டுவிட்டு வந்து, அதற்காக ஒரு மெமோ வாங்கினார்.

அதற்கு முன்பு, அன்று மாலை, நான் அக்காவின் அறைக்குப் போய் நின்றேன். அவர் கடைசி அழைப்பை இணைத்துவிட்டு, ஹெட்ஃபோனின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க மேல கோபமாக்கா?"

"ஆமா," என்றார். "கோபம்தான். நீ இல்லேன்னு சொல்லுவேன்னு எதிர்பார்த்தியா?"

இல்லை என்றேன். உண்மையில் எதிர்பார்த்திருந்தேன்.

"அழுது தொலைக்காதே. போய் வேலையைப் பாரு."

இப்போது அக்கா வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு மேஜை போட்டிருக்கிறார். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஏஜென்ட் கொடுத்த ஒப்பந்தங்களை அவரிடம் கொண்டுவருகிறார்கள். வெல்டர்கள், நர்சுகள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். கடலுக்கு அந்தப் பக்கம் போய் அவர்களும் எவருக்கோ மூன்றெழுத்தாகப் போகிறவர்கள்தான். அக்கா ஒவ்வொரு வரியையும் பிரித்து நம் பாஷையில் எழுதிக் கொடுக்கிறார். ஏஜென்ட்டுகளுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஒரு தடவை மேஜையை உடைத்துப் போட்டார்கள். அடுத்த வாரம் இரும்பு மேஜையாக வாங்கிப் போட்டார். போலீசில் புகார் கொடுத்து, அந்தப் புகாரில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று அதை எழுதிய போலீஸ்காரரையே திருத்த வைத்துவிட்டு வந்தார்.

போன சனிக்கிழமை போயிருந்தேன். தூதரகத்தில் எனக்கு இன்னும் நான்கு வருட வேலை பாக்கி. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். வரிசையில் பதினைந்து பேர் இருந்தார்கள். அக்கா நிமிர்ந்து பார்த்தார், ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார், ஒரு கட்டுக் காகிதத்தை என் மடியில் போட்டார். வீட்டு வேலைக்குப் போகும் ஓர் அம்மாளின் ஒப்பந்தம். ஒன்பது பக்கம். நான்காம் பக்கத்தில், பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வார் என்பதை ஒரு சுருக்கத்துக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் என் எதிரே உட்கார்ந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முழுதும் படித்துச் சொன்னேன். இந்தத் தடவை பார்க்கவில்லை, படித்தேன். அவர் ஒப்பந்தத்தை வாங்கி நான்காய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஏஜென்ட்டிடம் சொல்லப் போகிறேன், கூட ஒருவர் வந்தால் நன்றாக இருக்கும் என்றார்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து, "இவரு படிச்சுச் சொல்லுவாரு, நான் அரை மணியில வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாளோடு ரோட்டைக் கடந்து போனார்.